ஐந்து பெட்டிகளில் நான் சேர்த்த ஒற்று

நான் பத்தாம் வகுப்பு மாணவி. வயது பதினைந்து முடிந்து நான்கு மாதம். எனக்கு இன்னும் பதினெட்டு நிறையாததால் என் பெயரும் பள்ளியின் பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதப்பட்டு உறையிலிட்டு ஒட்டப்பட்டன. அந்த உறையின் மேல் கையெழுத்திட்டேன். துறைமுகச் சாலையில் என் அப்பாவின் சரக்குக் கிடங்குக்கு மேலே உள்ள இரண்டு அறைகளில் அப்பா, அம்மாவுடன் வசிக்கிறேன். உடன்பிறந்தவர் இல்லை. இன்று சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுங்க அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், பெண் அதிகாரி முன்னிலையில், அம்மா பக்கத்து நாற்காலியில் இருக்க, இதை எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொள்வார் என்றுதான் முதலில் சொன்னார்கள். என் கையாலேயே எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் நடந்த வரிசையில் எழுத வேண்டும் என்று அதிகாரி சொன்னார்.

கிடங்கின் குத்தகை அப்பாவின் பெயரில் இருக்கிறது. கப்பலில் வந்து சுங்கம் முடிந்து வெளியே வரும் பெட்டிகளை இறக்கி அடுக்கி வைத்து, கடைக்காரர்கள் கேட்கும்போது அனுப்புவது அவர் வேலை. அப்பா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எண்கள் நன்றாகத் தெரியும். எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பார். வரும் சரக்கின் பதிவேட்டில் ‘சரிபார்த்துப் பெற்றேன்’ என்ற ரப்பர் முத்திரையைக் குத்தி அதன் கீழே கையெழுத்துப் போடுவார். சரிபார்ப்பது என்றால் பெட்டிகளை எண்ணுவது மட்டும்தான். திறந்து பார்க்கும் வழக்கம் எந்தக் கிடங்கிலும் இல்லை. “எண்ணிக்கை நம்ம பாடு, உள்ள இருக்கறது அவங்க பாடு” என்று அப்பா சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன்.

கிடங்குக்கு வரும் பெட்டிகளில் பாதிக்கு மேல் என் மாமா மூலம் வருபவை. மாமா கிளியரிங் ஏஜென்ட். கப்பல் சரக்குக்கு உரிய தாள்களைச் சுங்கத்தில் கொடுத்துச் சரக்கை வெளியே எடுத்துத் தருபவர். அவர் அம்மாவின் ஒரே தம்பி. அவர்களுடைய பெற்றோர் இறந்தபோது அம்மாவுக்குப் பதினாறு வயது, மாமாவுக்கு ஆறு. அம்மாதான் அவரை வளர்த்தார். கல்யாணமாகி வரும்போது தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு வந்ததாக அப்பா வேடிக்கையாகச் சொல்வார். சீர்வரிசையில் வந்த ஒரே உருப்படி அவர்தான் என்பார். மாமா என்னைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கடைப் பலகைகளில் உள்ள பிழைகளை நான் நின்று வாசித்துச் சொல்வதால் என்னைப் ‘புலவரே’ என்றுதான் அழைப்பார். என்னிடம் உள்ள பெரிய அகராதி அவர் வாங்கித் தந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல் மாமாவின் லாரியில் முப்பத்தாறு அட்டைப்பெட்டிகள் வந்தன. நான் நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து திரும்பியபோது அவை கதவுக்கு இடப்பக்கம் ஆறு வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. மாடி அறையில் அம்மா தையல் மிஷின் ஓட்டுவதால், மாலையில் நான் கிடங்கு மேசையில் உட்கார்ந்து படிப்பது வழக்கம். அப்பா வங்கிக்குப் போயிருந்தார். சுமை இறக்கும் அண்ணன் மட்டும் இருந்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார் என்பதால் அவரை எல்லோரும் ‘தராசு’ என்பார்கள். முப்பத்தாறும் ஒரே எடைதான் என்று அவர் அன்று சொன்னார்.

ஒவ்வொரு பெட்டியிலும் மாமாவின் அலுவலகத்தில் ஒட்டிய வெள்ளைத் தாள் இருந்தது. அதில் கறுப்பு மையில், கையால், ‘கண்ணாடிப் பாத்திரம், கவனம்’ என்று எழுதியிருந்தது. எல்லாம் ஒரே ஆளின் கையெழுத்து. மறுநாள் எனக்குத் தமிழ்த் தேர்வு. வல்லினம் மிகும் இடங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். ‘கண்ணாடியால் ஆகிய பாத்திரம்’ என்று விரியும் தொகையில் வல்லினம் மிகும் என்பதற்கு எடுத்துக்காட்டு கண்ணெதிரே இருக்கிறதே என்று மகிழ்ந்து பெட்டிகளை வரிசையாக வாசித்தேன். அதன் பிறகுதான் சிலவற்றில் ‘கண்ணாடி பாத்திரம்’ என்று ஒற்று இல்லாமல் இருப்பதைப் பார்த்தேன். அந்தத் தாள்களில் இரண்டு சொற்களுக்கும் நடுவே ஓர் எழுத்து நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. எழுதியவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மேசை இழுப்பறையில் இருந்த மார்க்கர் பேனாவை எடுத்து, அவர் எழுத்தைப் போலவே ‘ப்’ எழுதினேன். மேல் வரிசைக்கு ஸ்டூல் போட்டு ஏறினேன். தராசு அண்ணன் தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“புள்ளி வைக்கலன்னா டம்ளர் உடஞ்சிடுமா பாப்பா?” என்று கேட்டார்.

“உடையாதுண்ணா, ஆனா தப்பு தப்புதானே” என்றேன்.

இப்படி ஐந்து பெட்டிகளில் எழுதினேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதன் பிறகு முப்பத்தாறும் ஒன்றுபோல் இருந்தன. அப்பா வந்தபோது இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, பாத்திரக் கடையிலிருந்து வண்டி வந்தது. எட்டுப் பெட்டி உடனே வேண்டும் என்று கேட்டார்கள். முந்தின நாள் மாமா போனில், தான் வந்து பிரித்துக் கொடுத்த பிறகு அனுப்பலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். எல்லாம் ஒரே சரக்குதானே, இதில் பிரிக்க என்ன இருக்கிறது என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் இருந்த எட்டை ஏற்றி அனுப்பினார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மாமா சிறிய வேனில் வந்தார். நான் மேசையில் இருந்தேன். அப்பாவும் தராசு அண்ணனும் இருந்தார்கள். மாமா சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். பெட்டிகளுக்கு முன்னால் ஒரு முறை நடந்தார். திரும்பி மறுபடி நடந்தார். மூன்றாவது முறை ஒவ்வொரு தாளையும் விரலால் தொட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு, “மச்சான், யாராவது பெட்டியத் தொட்டாங்களா?” என்று கேட்டார். “தொடாம எப்படி மாப்ள எறக்கறது, ஊதியா?” என்று அப்பா சொன்னார். மாமா அதற்குச் சிரிக்கவில்லை.

அப்போது நான் எழுந்து, “மாமா, உங்க ஆபீஸ்ல எழுதறவருக்கு இலக்கணமே தெரியல. சில பெட்டியில ஒற்று விட்டுட்டாரு. நான் போட்டுட்டேன்” என்றேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்துச் சொன்னேன் என்பதையும் எழுதுகிறேன்.

மாமா என்னைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். “அஞ்சுலயுமா?” என்று கேட்டார்.

எத்தனை பெட்டி என்று நான் அதுவரை சொல்லவில்லை. சில பெட்டி என்றுதான் சொல்லியிருந்தேன். அவர் ஐந்து என்றார். அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. ஆமாம் மாமா என்றேன். எந்த ஐந்து என்று காட்டச் சொன்னார். எனக்கு நினைவில்லை. மேல் வரிசையில் ஒன்று, கதவுப் பக்கம் ஒன்று என்றேன். கதவுப் பக்கம் இருந்த எட்டும் போய்விட்டன என்று அப்பா சொன்னார். மாமா பெட்டியிலிருந்து எழுந்தார். அதன் பிறகு, “புலவரே, ஒங்க தமிழ்ல இடி விழ” என்று மெதுவாகச் சொல்லி என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அவர் கை ஈரமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பாத்திரக் கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்திருக்கிறார். மேலே இரண்டு அடுக்கு டம்ளர்களும் அவற்றுக்குக் கீழே கைக்கடிகாரங்களும் இருந்தன. அவர் பயந்து சுங்கத்துக்குத் தெரிவித்தார். பதினொரு மணிக்கு அதிகாரிகள் கிடங்குக்கு வந்து மீதிப் பெட்டிகளைத் திறந்ததில் இன்னும் நான்கில் கடிகாரங்கள் இருந்தன. நான் பள்ளி முடிந்து வந்தபோது கிடங்குக் கதவில் தாள் ஒட்டி அரக்கு வைத்திருந்தார்கள். அப்பாவின் செருப்பு கதவுக்கு வெளியே இருந்தது. அவரை வெறுங்காலோடு கூட்டிப் போனதாக அம்மா சொன்னார்.

அதன் பிறகு நடந்தவற்றை நான் நேரில் பார்க்கவில்லை. வியாழன் மாலை அம்மா விசாரித்து வந்து சொன்னதையும் அதிகாரி இன்று எனக்குச் சொன்னதையும் எழுதுகிறேன். கடிகாரம் இருந்த ஐந்து பெட்டிகளின் தாள்களிலும் ‘ப்’ மட்டும் வேறு மையில் இருக்கிறது. அந்த மை எங்கள் கிடங்கு மார்க்கரின் மை. ஆகவே கடத்தல் பெட்டிகளை அடையாளம் காணக் கிடங்கில் வைத்துப் போட்ட குறி அது என்று முடிவு செய்திருக்கிறார்கள். மாமாவை விசாரித்தபோது, தன் கையைவிட்டுப் போகும்போது எல்லாம் கண்ணாடிதான், கிடங்குக்குள் நுழைந்த பிறகு பெட்டிக்குப் பொறுப்பு கிடங்குக்காரர்தான், பதிவேட்டில் ‘சரிபார்த்துப் பெற்றேன்’ என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று சொன்னாராம். தராசு அண்ணன், தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு வேலை வாங்கித் தந்தவர் மாமா. அப்பாவிடம் அந்தத் தாள்களைக் காட்டியிருக்கிறார்கள். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்த எழுத்தைப் போட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்பாவுக்கு என் எழுத்து தெரியும். நான் ‘ப்’ எழுதும்போது புள்ளியைச் சிறு வட்டமாகப் போடுவேன். என் நோட்டுகளுக்கு அட்டை போட்டுத் தருபவர் அவர்.

அப்பா ஒப்புக்கொண்டதால் அவரையே அந்த வார்த்தையை எழுதச் சொன்னார்களாம். அந்தத் தாளையும் இன்று எனக்குக் காட்டினார்கள். முதல் வரியில் ஒற்று இல்லை. பெட்டியில் இருந்ததுபோல் எழுதச் சொன்னதற்கு இரண்டாம் வரியில் ‘ப’ போட்டிருக்கிறார், புள்ளி வைக்கவில்லை. மூன்றாம் வரியில் புள்ளியை அடுத்த எழுத்தின் மேல் வைத்திருக்கிறார்.

வியாழன் மாலை, போட்டது நான்தான் என்றும் மாமா தானாகவே ஐந்து என்று கேட்டார் என்றும் அம்மாவிடம் சொன்னேன். நேற்று வெள்ளிக்கிழமை அம்மா மிஷினை மூடி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். “ஒத்தை எழுத்த வச்சு வீட்டையே கவுத்துட்ட. சரி, தெரியாமப் பண்ணின. நீதான் எழுதினேன்னு சொல்லு, நான் தடுக்கல. ஆனா அவன் அஞ்சுன்னு கேட்டத மட்டும் சொல்லிடாதடி. அத நீ சொன்னா அவன் வெளியவே வர மாட்டான்” என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாவிட்டால் அப்பா வெளியே வர மாட்டாரே என்று கேட்டேன். “ஒங்கப்பா தாங்குவாரு. அவன் தாங்க மாட்டான்” என்றார். அதன் பிறகு இருவரும் சாப்பிடவில்லை.

நான் இரவு முழுவதும் யோசித்துப் பார்த்தேன். அப்பா சொன்னது பொய் என்று எழுதினால்தான் அப்பா வருவார். மாமா சொன்னது பொய் என்று எழுதினால் மாமா போவார். ஒற்று உள்ள பெட்டிகள் நல்ல சரக்கு, ஒற்று இல்லாதவை கடத்தல் சரக்கு என்று குறி வைத்தவர்கள், சந்தையில் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள் என்று நம்பியிருக்கிறார்கள். அது சரியான கணிப்புதான். எங்கள் தெருவில் பத்துப் பலகைகளில் ஏழு அப்படித்தான் இருக்கின்றன.

அந்த ஐந்து எழுத்துகளையும் எழுதியது நான். என் அப்பா அல்ல. எழுதும்போது பெட்டிக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது. என் தமிழ்ப் பயிற்சி நோட்டை, எழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒப்படைத்திருக்கிறேன். மாமா ஐந்து என்று கேட்டது உண்மை. அப்போது அப்பாவும் தராசு அண்ணனும் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள்.

இதில் உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் செய்ததுமே. பிறர் சொல்லி அறிந்ததை அப்படியே குறித்திருக்கிறேன். இப்படிச் சொல் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லாதே என்று ஒருவர் சொன்னார். அதையும் மேலே எழுதிவிட்டேன். முழுவதும் எனக்கு உரக்க வாசித்துக் காட்டப்பட்டது. மாற்ற ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

(மாணவியின் கையெழுத்து)

நான் சிறுமி என்பதால் காப்பாளரும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அப்பா காவலில் இருப்பதால் தாள்கள் அம்மாவிடம் தரப்பட்டன. அம்மா எல்லாப் பக்கங்களையும் வாசித்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். அதிகாரி அதை அடையாள அட்டையோடு ஒப்பிட்டு, தலைப்பெழுத்து பொருந்தவில்லை என்றார். அம்மா போட்டிருந்தது அவருடைய அப்பாவின் பெயரின் முதலெழுத்து. மாமா தன் பெயருக்கு முன்னால் போடுவதும் அதுதான். அம்மா அப்படிக் கையெழுத்திட்டு நான் பார்த்ததில்லை.

“மறந்து போட்டுட்டீங்களாம்மா?” என்று அதிகாரி கேட்டார்.

“இல்ல” என்று அம்மா சொன்னார்.

அதன் பிறகு அம்மா அந்தக் கையெழுத்தைத் தாமே ஒரே கோட்டால் அடித்துவிட்டு, அதன் கீழே அப்பாவின் தலைப்பெழுத்தோடு மீண்டும் கையெழுத்திட்டார். இதை அதிகாரி, எழுத்தர், நான் ஆகிய மூவர் முன்னிலையில் செய்தார். இதையும் சேர்த்து எழுதும்படி அதிகாரி சொன்னதால் எழுதினேன். இந்த வாக்குமூலத்தில் வேறு அடித்தல் இல்லை.

(மாணவியின் கையெழுத்து)

(தாயின் கையெழுத்து)