மாதிரிக்கு ஒரு பிடி

— என்னா ஜமால் தம்பி, அழகம்மா சாயத்தண்ணி ஊத்துறா, நீங்க ரெண்டு விரலால மேசையத் தட்டுறீங்க? போதும்னு சொல்றீங்களா?

— இல்லை வீரையாண்ணை, அக்காவுக்கு நன்றி சொல்லுறன். ஹொங்கொங்கில இப்பிடித்தான். மூண்டு வருசத்தில கை பழகிப் போச்சு.

— அதை வாயால சொன்னா என்னவாம்?

— வாயில வியாபாரம் ஓடிக்கொண்டு இருக்குமே, அக்கா! தேத்தண்ணிக்காகச் சீனன் கதையை நிப்பாட்டமாட்டான்.

— கேட்டியா புள்ள? தோட்டத்துல கங்காணி இப்படித் தட்டினா, அடுத்து பிரம்புதான் வரும்.

— சிரியுங்கோ, சிரியுங்கோ. ஆனா அண்ணை, அவங்களிட்ட நாங்கள் படிக்கோணும். சீனாவுக்குள்ள, கன்ரன் சந்தைக்கு என்ர முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு போனவர். இவ்வளவு காலமும் பூட்டிக் கிடந்த நாடு, இப்பதான் கதவைத் திறக்குது. கதிரையில இருத்தி, பிள்ளைகுட்டி எல்லாம் விசாரிப்பான். இல்லையெண்டு ஒரு சொல் வராது. 'பார்ப்பம்' எண்டானோ, நாங்கள் எழும்பி வரவேண்டியதுதான்.

— ஓகோ. எங்களுக்கு நீங்க எழுதின மூணு கடுதாசியிலயும் அந்த 'பார்ப்பம்' இருந்துச்சே, தம்பி.

— அடியே, வந்த மனுசன வாயில போட்டு மெல்லாத. நீங்க சொல்லுங்க தம்பி. உங்களுக்கு அங்க பெரிய வேலையாமே?

— சாமான் வாங்கிற பகுதிக்கு என்னைப் பொறுப்பாப் போட்டிருக்கு. வாங்கிறதில கனக்க கொழும்புக்குத்தான் போகுது. குடை, பற்றரி போடுற ரோச் லைற், சில்லறைச் சாமான்.

— வேற ஒண்ணும் போகலியா?

— வேறயென்ன, அக்கா... பகிடி ஒண்டு கேளுங்கோ. முதலாளி ஒரு ரோச் லைற்றை மாதிரிக்குக் குடுத்து, இதைப்போல ஐயாயிரம் செய் எண்டவர். அவற்ற பேரன் விளையாடி அதில ஒரு நெளிவு விழுந்திருக்கு. இவர் கவனிக்கேல்லை. வந்த பெட்டியளை உடைச்சால், ஐயாயிரத்திலயும் அதே இடத்தில அதே நெளிவு!

— மடப்பயலுக!

— மடையனில்லை, அண்ணை. அதுதான் அவன்ர நாணயம். நீ காட்டினதைத் தருவான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாதிரியைப் போத்தலில போட்டு, அரக்கு வைச்சு மூடி, அலுமாரியில வைச்சிருப்பான். நாளைக்குச் சண்டை எண்டு வந்தால் எடுத்துக் காட்டுவான்.

— அப்போ எங்க டின்னும் அந்த அலுமாரியிலதான் இருக்கா?

— எந்த டின், அக்கா?

— மறந்துட்டீங்களா? நீங்க போன மறுவருசம், பக்கத்துக் காணி நல்லதம்பி கொழும்புக்குப் போகையில குடுத்து விட்டோமே. மாவு டின் நெறைய செத்தல் மொளகா. சீனன் வாங்குவான், மாதிரிக்கு ஒரு பிடி அனுப்புங்கன்னு நீங்கதான் எழுதினீங்க. நான் டின்னே அனுப்பினேன்.

— ஓ... அதுவோ. காட்டினனான், அக்கா. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுறன், காட்டினனான். மணந்து பார்த்தாங்கள். நிறம் நல்லம் எண்டாங்கள். பிறகு பார்ப்பம் எண்டிட்டாங்கள்.

— ஒவ்வொரு மொளகாயா பொறுக்கினா தம்பி இவ. காம்பு ஒடியாம, மூணு மூணா நாரால கட்டி. இவ ஆத்தா தோட்டத்துல அப்படித்தான் கட்டுமாம். வெதைக்கு ஒண்ணு, சாமிக்கு ஒண்ணு, கொழம்புக்கு ஒண்ணு.

— வடிவான கட்டு. என்ன செய்யிறது அண்ணை, எங்களுக்குப் பலன் இல்லை.

— உங்க மேல என்ன கொற? எழுவத்தேழு கலவரத்துல அடிபட்டு மலைத் தோட்டத்துலருந்து எறங்கினப்ப, உங்க வாப்பாவோட லொறிதான் எங்கள இந்த முரசுமோட்டையில கொண்டாந்து எறக்கிச்சு. காட்ட வெட்டி, மொளகா போட்டு, ரெண்டு போகம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ கப்பல்ல சீனா மொளகா வருது. பரந்தன் கடைக்காரன் எங்க சாக்க அவுத்துக்கூடப் பாக்குறதில்ல. அந்தா, மூலையில மூணு சாக்கு, பூச்சி புடிச்சுக் கெடக்குது.

— எனக்கும் மனம் வேகுது. அதுதான் ஊருக்கு வந்த உடன ஓடி வந்தனான். செத்தலை விடுங்கோ. வெளியில சின்ன வெங்காயம் நிக்குதே, நல்ல விளைச்சல் போல?

— அது ஒண்ணுதான் மிச்சம் தம்பி. அதுவும் போச்சுன்னா, காணிய விட்டுட்டு மறுபடி கூலிக்குத்தான் போவணும்.

— அப்பிடிச் சொல்லாதேங்கோ. மாதிரிக்கு ஒரு பிடி தாங்கோ. திங்கக்கிழமை எனக்குப் பிளேன். இந்த முறை வாங்க ஒரு ஆள் பிடிக்காமல் விடமாட்டன்.

— பாத்தியா அழகம்மா! தம்பி நம்மள விட்டுட மாட்டாருன்னு நான் சொன்னேனா இல்லியா? எந்திரி. நல்லதாப் பாத்துக் கட்டு.

— கட்டுறேன். அதுக்கு முன்ன, தம்பி, இந்தச் சொளகுல கெடக்குறதக் கொஞ்சம் பாருங்க.

— என்ன இது? செத்தல்தானே?

— யாரு கட்டினதுன்னு தெரியுதா?

— இதென்ன கேள்வி! மூண்டு காம்பு, ஒரு நார், பக்கவாட்டில திருப்பி இழுத்த முடிச்சு. உங்கட கைதான், அக்கா. ஆயிரம் மூட்டைக்குள்ள கிடந்தாலும் எடுத்துத் தருவன்.

— அவசரப்படாதீங்க. வேற யாரும் கட்டியிருக்க மாட்டாங்களா?

— இந்த உலகத்தில வேற ஆர் செத்தலை இப்பிடிக் கட்டுறது?

— இரு புள்ள. நம்ம சாக்குல போடுற மொளகாய நீ கட்டுறதில்லயே. அந்த டின்னுக்கு மட்டுந்தானே கட்டினே? பின்ன இது ஏது?

— அதத்தான் தம்பிகிட்ட கேக்குறேன். நேத்து கிளிநொச்சிச் சந்தையில, என் கண்ணு முன்னால சீனாச் சாக்க அவுத்துக் கொட்டினாங்க. மேலருந்து அடி வரைக்கும் எங்க ஆத்தா முடிச்சு.