ஏழாவது வாத்தின் நடை

என்னை விசாரிக்க வந்து நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். பதற வேண்டாம், விழாது. குறை கண்ணில் பட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. இந்த அலுவலகத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் வேலையே அதுதான். கேம் வெளிவருவதற்கு முன் ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது.

கேம் சின்னதுதான். ஒரு வாத்துக் கூட்டத்தைக் கடைத்தெரு வழியாக ஓட்டிக்கொண்டுபோய்க் குளத்தில் சேர்க்க வேண்டும். எழுதியவர் எங்கள் மாப்பிள்ளை, அதாவது என் தங்கைக்கு நிச்சயமானவர். கேம் வெளிவந்த மறுவாரம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தோம். பெரிய பிழை கிடைத்தால் பலகையில் சிவப்பு அட்டை குத்துவேன். குத்தியவனே எடுக்கும்வரை வெளியீடு கிடையாது. அது நான் சொல்லிக் கொண்டுவந்த விதி.

முதல் அட்டை நியாயமானது. ஒரு வாத்து ரொட்டிக்கடைச் சுவருக்குள் புகுந்து போலீஸ்காரர் தொப்பி வழியாக வெளியே வந்தது. மாப்பிள்ளை உடனே சரிசெய்தார். அட்டையை எடுக்கத்தான் போனேன். போகிற போக்கில், அதிக மதிப்பெண் எடுத்தவர்களின் பட்டியலைத் திரையில் பார்த்தேன். முதலிடம் புயல். இரண்டாமிடம் புயல். பத்தாமிடம்வரை புயல். புயல் நான்தான், சார். வேறு யாரும் ஆடவில்லை என்பது வாஸ்தவம்தான். ஆனாலும் உலகத்திலேயே முதல் ஆள் நான்.

உங்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். என் தங்கை படிப்பு, ஓட்டம், கேரம் எல்லாவற்றிலும் முதல். அலமாரி முழுக்க அவள் கோப்பைகள். எனக்குக் கிடைத்தது ஓர் ஆறுதல் பரிசு, சோப்பு டப்பா. அதையும் அம்மா குளியலறையில் வைத்துவிட்டாள். கேம் வெளியே போனால் எவனோ ஒரு பொடியன் இட்ட சோற்றைத் தின்று முடிப்பதற்குள் என்னைத் தாண்டிவிடுவான். வயிறு எரியாதா?

ஆகவே, வாத்துக்கு நிழல் விழவில்லை என்று அட்டை குத்தினேன். நிழல் வந்தது. நிழல் வாத்தைவிடக் குண்டாக இருக்கிறது என்று இன்னொன்று குத்தினேன். பிழைகள் தீர்ந்துபோனதும், மாப்பிள்ளை சாப்பிடப் போகும் நேரம் பார்த்து நானே ஒன்றிரண்டு வைத்துவிட்டு, அவர் வந்ததும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார். தங்கமான மனிதர்.

கடைசி அட்டை: ஏழாவது வாத்து மனசில்லாமல் நடக்கிறது.

"மச்சான், வாத்துக்கு ஏது மனசு? இந்த ஒண்ணை விட்டுடலாமே" என்றார்.

"தரம்னா தரம்தான் மாப்பிள்ளை. நாளைக்கு நாலு பேர் சிரிக்கக் கூடாது."

மாதக்கணக்கில் அறைக்குள் அவரே வாத்து நடை நடந்து பார்த்தார். நிச்சயத்துக்குத் தைத்த சட்டை இப்போது அவருக்குத் தொளதொளவென்று தொங்குகிறது. தூக்கத்தில் வாத்து ஓட்டுகிறார் என்று அவர் அம்மா சொன்னார். எங்கள் அம்மா, தேதி போடாமல் அச்சடித்த அழைப்பிதழ்களைப் பழைய பேப்பருக்குப் பதிலாக அலமாரித் தட்டில் விரித்துவிட்டாள். தங்கை மட்டும், "உன் வாத்து கரையேறுறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்ணா" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பதையும் நிறுத்திவிட்டாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு ஆட்டம் ஆடி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கை என் திரையைப் பார்த்துவிட்டாள். பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள்.

"புயல் யாருண்ணா?"

என் காது சிவந்துவிட்டது. கேரத்தில் கள்ளாட்டம் ஆடிய காலத்திலிருந்தே என்னைக் காட்டிக்கொடுப்பது இந்தக் காதுதான். அவள் நேரே பலகைக்குப் போய் அட்டையைப் பிய்த்தெடுத்தாள்.

"குத்தினவன்தான் எடுக்கணும்" என்றேன்.

"வாயை மூடு" என்றாள்.

கேம் இன்று காலை வெளிவந்துவிட்டது. கல்யாணத்துக்கும் தேதி வைத்தாயிற்று. ஆக, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். செய்தது நான்தான். இனி அந்தப் பட்டியல்மேல் எனக்கு எள்ளளவும் ஆசை கிடையாது. நீங்கள் மேசைக்கடியில் போனில் வாத்து ஓட்டிக்கொண்டே என் வாக்குமூலத்தைக் கேட்பதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சார். ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். முதலிடத்தில் 'புயலோட தங்கச்சி' என்று இருக்கிறது. என்னைப்போல் இரண்டு மடங்கு மதிப்பெண். அவள் இதுவரை எந்தக் கம்ப்யூட்டர் கேமையும் தொட்டவளே இல்லை.

கூட்டல் கணக்கில் எங்கோ பெரிய பிழை இருக்கிறது. தரத்துக்காகத்தான் சொல்கிறேன், சார். உங்கள் முன்னால் மேசைமேல் இருக்கும் அந்தச் சிவப்பு அட்டையை இப்படிக் கொடுங்கள்.