சைரன் என் கையில் இருந்தது

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் மேடம். சீனி கொஞ்சம் தூக்கல், ஆனாலும் பரவாயில்லை. தமிழிலேயே சொல்லலாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு நிம்மதி. மலாய் மொழியில் சொன்னால் பாதி வேறு மாதிரி ஆகிவிடும். காற்பந்தைப் பற்றி நியாயமாகப் பேச எனக்குத் தமிழ்தான் வரும்.

என் பெயர் பரஞ்சோதி. சுங்கைப்பட்டாணிக்கு வெளியே இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் பல வருடங்கள் காற்பந்துப் பயிற்றுநராக இருந்தேன். கடைசி இரண்டு பருவங்களில் நாங்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு, அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். இந்த வருடத் தொடக்கத்தில் கல்லூரித் தலைவர் டத்தோ சத்தியசீலன் என்னைக் கூப்பிட்டு, பாலிங்கிலிருந்து யோகேந்திரன் என்ற ஒருவரைப் பயிற்றுநராகக் கொண்டு வருவதாகச் சொன்னார். நான் குழு மேலாளராக இருக்க வேண்டும்.

“கோவிச்சுக்காதீங்க பரம். கிட்ட இருந்து பாக்கப் போறது நீங்கதான். மூணு மாசம் பாருங்க. வெச்சுக்கலாமா வேணாமான்னு நீங்க சொல்றதுதான் முடிவு. நியாயமா சொல்லுங்க, அது போதும்.”

நான் நியாயமாகத்தான் பார்த்தேன். யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆட்டம் கூலிமில். நான்கு கோல் வாங்கித் தோற்றோம். நானாக இருந்தால் பஸ்ஸில் ஏறியதும் சத்தம் போட்டிருப்பேன். யோகேந்திரன் வழியில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். பையன்கள் சாப்பிட்டு முடித்த பிறகு, “எந்த கோல் யாரு தப்புன்னு எனக்கு வேணாம். அடுத்த வாட்டி நீ எங்க நிக்கணும், அத மட்டும் சொல்லு,” என்றார். ஒவ்வொருவனாகச் சொன்னான். என் காலத்தில் வாயே திறக்காத பையன்கள். ஒருவன் மேசையில் உப்பு டப்பாவையும் சோயா பாட்டிலையும் நகர்த்தி நகர்த்திக் காட்டினான். அவன்தான் சசிதரன். புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டார்சைக்கிளில் வருகிறவன். நான் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார வைத்திருந்த கோல் கீப்பர். யோகேந்திரன் அவனைக் கேப்டன் ஆக்கினார்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரே ஒரு கோலில் தோற்றோம். மூன்றாவது அலோர்ஸ்டாரில் சமநிலை. அந்தச் சமநிலைக்கே பையன்கள் யோகேந்திரனைத் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றினார்கள். நானும் கைதட்டினேன்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது, மேடம். பயிற்றுநர் மோசம் என்றால் மூன்று மாதத்தில் போய்விடுவார். நல்லவர் போகமாட்டார். அவர் ஜெயிக்கத் தொடங்கினால், அதே பையன்களை வைத்துக்கொண்டு இந்த ஆள் இத்தனை வருடம் என்ன செய்தான் என்று ஊர் கேட்கும். சந்தையில் யாராவது “என்ன கோச்” என்று கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி நடந்துவிடுவேன். கேலியா மரியாதையா என்று தெரியாது. வீட்டில் என் மனைவி தட்டு வைக்கும் சத்தத்துக்கே திடுக்கிட்டேன். டத்தோ பார்க்கும்போதெல்லாம் “எப்படி நம்ம ஆளு?” என்று கேட்பார். “பரவால்ல டத்தோ, இன்னும் பாக்கணும்,” என்பேன். பொய் சொல்லவில்லை. யோகேந்திரனிடம் ஒரு குறையாவது இருக்கும் என்று உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தேன்.

ஒன்று கிடைத்தது. யோகேந்திரனுக்கு இடி என்றால் பயம்.

சின்ன வயதில் பாலிங்கில் ஒரு ஆட்டத்தின்போது, அவருக்குப் பக்கத்தில் நின்ற ஆட்டக்காரனை மின்னல் அடித்திருக்கிறது. அதனால் இங்கே வந்ததும் பந்து வாங்குவதற்கு முன்னால் மின்னல் எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கினார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். மின்னல் தொலைவில் இருந்தால் மஞ்சள் விளக்கு, நெருங்கிவிட்டால் சிவப்பு. கூடவே பார்வையாளர் கொட்டகையில் ஒரு சைரன் பொருத்தினார். இரண்டையும் என்னிடம் ஒப்படைத்தார்.

“நம்ம பக்கம் தினமும் சாயங்காலம் இடிதான்ணே. இடிச்ச ஒடனே நிறுத்தினா பயிற்சியே நடக்காது. நான் முடிவு பண்ணா, பயத்துல தினமும் நிறுத்திடுவேன். அதனால முடிவு எங்கிட்ட வேணாம். சிவப்பு வந்தா நீங்க அடிங்க. உங்க சைரன் கேக்காத வரைக்கும் நான் வானத்தப் பாக்கவே மாட்டேன்.”

பையன்களிடமும் அதையே சொன்னார். “இடி கேட்டா பயப்படாதீங்க. கொட்டகையப் பாருங்க. பரம் அண்ணன் அங்க இருக்காரு.”

இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்தது. எத்தனையோ முறை நான் சைரன் அடித்தேன், எல்லோரும் ஓடி வந்தார்கள், மழை விட்டதும் திரும்பப் போனார்கள். ஒரு தலைமுடிக்குக்கூட ஆபத்து வந்ததில்லை. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் முடிகிற வாரம், டத்தோ பயிற்சியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். வந்தவர் காரை விட்டு இறங்கவில்லை. குனோங் ஜெராய் மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்திருந்தது. வாசலருகே திடலைப் பார்த்தபடி காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் கொட்டகையில் தனியாக இருந்தேன். கருவி மஞ்சளில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பானது.

நான் சைரனை அழுத்தவில்லை.

என் மனதில் இருந்ததைச் சரியாகச் சொல்லப் பார்க்கிறேன். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. இது ஒரு நல்ல சோதனை என்று தோன்றியது. சைரன் இல்லாமலே தன் புத்தியால் நிறுத்துகிறாரா என்று பார்க்கலாம். நிறுத்தினால் நல்ல பயிற்றுநர், நானே டத்தோவிடம் அப்படிச் சொல்லியிருப்பேன். நிறுத்தாவிட்டால், அதை டத்தோ தன் கண்ணாலேயே பார்க்கட்டும்.

முதல் இடி ஜெராய் மேலே இடித்தது. யோகேந்திரனின் தோள்கள் குறுகியது கொட்டகையிலிருந்தே தெரிந்தது. அவர் திரும்பவில்லை. விசில் ஊதி அடுத்த வரிசையை ஓடச் சொன்னார். இரண்டாவது இடிக்குக் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பையன்களின் ஓட்டம் தடுமாறியது. கைப்பேசி அடித்தது, டத்தோ.

“பரம், என்னய்யா இது? இந்த இடி இடிக்குது, இவரு பாட்டுக்கு ஓட விட்டுக்கிட்டு இருக்காரு?”

“சொல்லிப் பாத்துட்டேன் டத்தோ. கேக்க மாட்டேங்கறாரு.”

அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. இனி அழுத்தலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். உண்மையாகவே கொண்டுபோனேன். அதற்குள் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சத்தம் பின்னால் வரவில்லை, கூடவே வந்தது. நான் கண்ணைத் திறந்தபோது திடலில் எல்லோரும் தரையில் கிடந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கிடந்தவன் மட்டும் எழவில்லை.

அதற்குப் பிறகுதான் சைரனை அழுத்தினேன். நீளமாக அழுத்தினேன். எல்லோர் காதும் அடைத்துப்போயிருந்தது. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

யோகேந்திரன் கொட்டும் மழையில் சசிதரன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். “மூச்சு விடுடா சசி, விடு லா,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவரைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

சசிதரனின் காரியம் முடிந்த மறுநாள் யோகேந்திரனை நான்தான் என் காரில் புக்கிட் செலம்பாவுக்கு அழைத்துப்போனேன். அந்த நிலையில் அவரால் ஓட்ட முடியாது. வழியில் அவர் கேட்டார்.

“அண்ணே, நெசமாவே சைரன் அடிச்சீங்களா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல.”

“அடிச்சேன் தம்பி. நீங்க திரும்பிப் பாக்கல.”

மெதுவாகத்தான் சொன்னேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சசிதரனின் அம்மா லோகேஸ்வரி வாசலில் உட்கார்ந்திருந்தார். யோகேந்திரன் அவர் காலில் விழுந்தார். “எனக்கு சைரன் கேட்டிருக்கும்மா. நான்தான் நிறுத்தல. எம்மேல தப்பு,” என்றார். அந்த அம்மா அழவில்லை. “கோச் இருக்காரு, பயமில்லம்மான்னு சொல்லிட்டுத்தான் சார் போனான்,” என்றார். நான் யோகேந்திரனின் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டேன்.

பிறகு அவரே உங்களிடம் வந்து தன் தவறு என்று எழுதிக்கொடுத்துவிட்டார். நான் சொல்லச் சொல்லவில்லை. டத்தோ என்னை மறுபடியும் பயிற்றுநர் ஆக்கினார். இரண்டு வாரம்தான் ஆகிறது. இடி கேட்டால் பையன்கள் எல்லோரும் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கொட்டகையைப் பார்க்கிறார்கள். அங்கே இப்போது யாரும் இல்லை, நான் அவர்களுக்கு நடுவில் நிற்கிறேன். அப்படியும் அங்கேயே பார்க்கிறார்கள். ஓடிப்போய் கழிவறையில் கதவைச் சாத்திக்கொள்வேன்.

டத்தோவின் காரில் கேமரா இருந்தது எனக்குத் தெரியாது. அது சத்தத்தையும் பதியும் என்பதும் தெரியாது. மின்னலுக்குப் பிறகுதான் சைரன் கேட்கிறது என்று நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. அதைப் பார்த்த பிறகாவது யோகேந்திரனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவரிடம் யாராவது சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார், அவ்வளவு தூரம் நம்பிவிட்டார்.

இன்னொன்றும் கேட்டீர்கள். நான் தேநீர் கேட்டுப் பேச்சை மாற்றினேன். அந்தப் பதிவில் இரண்டாவது இடிக்குப் பிறகு சசிதரன் கோல் கம்பத்தை விட்டு நாலு எட்டு வெளியே வருகிறான். ஒரு பக்கமாகத் திரும்பிக் கையைத் தூக்குகிறான். பிறகு திரும்பிப் போய்க் கம்பத்தருகே நிற்கிறான். யாரைப் பார்த்துக் கை தூக்கினான், ஏன் திரும்பிப் போனான் என்று கேட்டீர்கள். கொட்டகை அந்தப் படத்தில் விழவில்லை. நான் சொல்லாவிட்டால் அது உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

என்னைத்தான் கேட்டான். அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. வரட்டுமா என்று கேட்டான். கையில் கருவி சிவப்பாக இருந்தது. நான் அதை மடியில் வைத்துவிட்டு, எழுந்து நின்று, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனான்.

பையன் பயந்துபோயிருந்தான், மேடம். அவனுக்குத் தைரியம் சொல்ல அங்கே என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?