மூணாவது லெட்டர்

சும்மா உக்காருங்க அண்ணி, எதுக்கு அவசரம். கையெழுத்துதான, போட்டாப் போச்சு. மொதல்ல காப்பிய குடிங்க. அம்மாவா? சொல்றேன்.

என் பேருல லெட்டர் நல்லா எழுதிருக்கீங்க. குடும்ப சூழ்நிலையால எனக்கு இந்த ப்ரமோஷன் வேணாம், இப்படிக்கு ஜோவிதா. இந்த ஊரு ஆபீசுக்குன்னா கன்னடம்தான, உங்க எழுத்து எப்பவும் அழகுதான். இது மூணாவது, இல்லயா? எத்தன தடவ வேணாம்னு எழுதினாலும் நம்ம ஆஸ்பத்திரில சர்வீஸ்படி என் பேருதான் மேல, அடுத்தது நீங்க. மொத லெட்டர்ல நான் கையெழுத்துப் போட்டதும் நீங்க வார்டு இன்சார்ஜ் ஆனீங்க. ரெண்டாவதுக்கு சூப்பர்வைசர். இப்ப மேட்ரன் சீட்டு.

அம்மாவுக்கு முடியலையா? ஆமா, எனக்கு ஆர்டர் வந்தாலே அம்மாவுக்கு மயக்கம் வந்துரும். ரெண்டு தடவையும் நான்தான பிபி பாத்தேன். நூத்தி இருவது, எம்பது. பதினெட்டு வருஷமா நர்சு, எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்.

பயம் அண்ணி. மேட்ரன், சூப்பர்வைசர்னா மாப்பிள்ள கெடைக்கமாட்டான்னு ரோனி அண்ணன் சொல்லுச்சு. பெத்தவள விட்டுட்டு பதவிக்கு அலையறான்னு சர்ச்சுல பேசுவாங்கன்னு பயம். அதவிட, அந்த சீட்டுல உக்காந்து ஒரு தப்பு பண்ணிட்டா, இவளுக்கு எதுக்கு இந்த ஆசன்னு எல்லாரும் சிரிப்பாங்களோன்னு. அம்மா மயங்கி விழுந்தது எனக்கு வசதியா போச்சு. மாப்பிள்ளையும் வரல, வயசு நாப்பத்திரெண்டு.

போன வாரம் அம்மா உங்ககூட பேசுச்சு, ஞாபகம் இருக்கா? காது கேக்காதுன்னு ஸ்பீக்கர்ல போட்டுரும். நான் குளிக்கறேன்னு நெனச்சுது. ஆர்டர படிச்சதும் விழுங்க அத்த, சுவத்துப் பக்கமா விழுங்க, அடிபடாதுன்னு சொல்லிக்கொடுத்தீங்க பாருங்க. எவ்ளோ அக்கற.

நான் எங்க அழறேன்? கோவம்தான். இவ்ளோ நாள் இது எங்க இருந்துச்சுன்னு தெரியல, நல்லாருக்கு.

உங்க போன் அடிக்குது பாருங்க, அண்ணனாத்தான் இருக்கும். நீங்க இங்க கெளம்புனதும் அம்மாவ ஆட்டோல உங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன். துணிமணி, மாத்திர, பிபி மெஷின் எல்லாம் போயிருக்கு. இனிமே அங்கதான். சந்தோஷமாத்தான் போச்சு, மயக்கம்லாம் வரல.

பாத்துக்க உங்களுக்கு லீவு வேணுமே. பேனா கையிலதான இருக்கு, எழுதுங்க, இதே மாதிரி அழகா. இன்னிக்கி உங்களுக்கு ஆஃப், தெரிஞ்சிருக்காது. காலைலயே போயி மேட்ரனா சார்ஜ் எடுத்துக்கிட்டேன். லீவு லெட்டர் இனிமே என் டேபிளுக்குத்தான் வரும்.