ஓரத்துப் பந்து

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை ஐயா, குடிக்கலாம். ஆஸ்பத்திரியில் என் தம்பி நேற்று உங்களிடம் வாக்குமூலம் கொடுத்தானாமே, நடந்தது விபத்து, தவறு தன்னுடையது என்று. அதைக் கிழித்துப் போடுங்கள். அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எங்கள் மன்றத்தில் பில்லியர்ட்ஸ் மேசைகளைப் பழுது பார்ப்பவன் நான். ஆடவும் செய்வேன். உங்களுக்கு ஆட்டம் தெரியாது என்பது முகத்திலேயே தெரிகிறது, ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். மேசையின் ஓரக்கட்டையோடு ஒட்டிக்கொண்டு ஒரு பந்து நிற்கும். வெள்ளைப் பந்து அதையும் கட்டையையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். அப்போதுதான் அது ஓரத்தோடு ஓடி மூலைக்குழியில் விழும். ஒரு மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் கெட்டது. பதினோரு வருடம், தினமும் காலையில் மன்றம் திறக்கும் முன்னால், அந்த ஒரு அடியை நூறு தடவை அடித்துப் பழகினேன்.

தம்பி பழகியதே இல்லை. மதியம் சோம்பல் முறித்துக்கொண்டு வருவான், யாருடைய கோலையாவது வாங்குவான், பேசிக்கொண்டே அடிப்பான். பந்து நல்ல பிள்ளை மாதிரி போய் விழும். "சும்மா தட்டினேண்ணா, போயிடுச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பான். சுற்றி நிற்கிற வெட்டிக் கூட்டம் கை தட்டும். கை தட்டுவதற்கு என்ன, கை இருந்தால் போதும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடப் போட்டிக்கு மன்றத்திலிருந்து ஒரே ஒரு ஆள். செயலாளர் என் தோளைத் தட்டி, "தம்பியே போகட்டும்ப்பா. நீ மேசையப் பாத்துக்க, அதுல உன்ன அடிச்சுக்க ஆள் இல்ல" என்றார். கோலை எந்த முனையில் பிடிப்பது என்றே தெரியாத மனிதர்.

மறுநாள் ஒரு மேசையை மட்டம் பார்க்க வேண்டியிருந்தது. துணிக்கு அடியில் கற்பலகை இருக்கும், மூன்று ஆள் கனம். ஒருவன் கடப்பாரையால் அதை நெம்பிப் பிடிப்பான், இன்னொருவன் அடியில் கைவிட்டு, மட்டம் சேர மரத்துண்டைச் செருகுவான். கையை வெளியே எடுத்ததும் அவன் "எடுத்தாச்சு" என்பான். அதைக் கேட்டுத்தான் இறக்க வேண்டும். இத்தனை வருடமாக நான் நெம்புவேன், தம்பி செருகுவான். அவனுக்கு இதிலும் அவசரம்தான். விரல்கள் உள்ளே இருக்கும்போதே "எடுத்தாச்சு" என்றுவிடுவான். அதனால் நான் மனதுக்குள் ஒன்று எண்ணிவிட்டுத்தான் இறக்குவேன். அது அவனுக்குத் தெரியாது.

அன்று எண்ணவில்லை.

வலது கை, நான்கு விரல்கள். அவன் அலறியபோது நான்தான் மறுபடி நெம்பினேன், நான்தான் ஈரத்துணி சுற்றினேன்.

போட்டிக்கு நான் போனேன். கடைசிப் பந்து ஓரத்தில் ஒட்டி நின்றது, எனக்காகவே வைத்த மாதிரி. அடித்தேன். குழியின் வாயில் போய் நின்றுவிட்டது. அந்த ஊர் மேசை மட்டமில்லை ஐயா, யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனால் தம்பி பெண்டாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க சாப்பிட்டீங்களா மாமா? உங்களுக்குத்தான் பாவம், ரொம்ப அதிர்ச்சி" என்றாள். கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு இவன் என்னைத் தேற்றுகிறான். "அவசரப்பட்டுச் சொன்னது நான்தாண்ணா. உன் மேல என்ன தப்பு? சும்மா மனசப் போட்டு அலட்டிக்காத." பக்கத்துக் கட்டில்காரர்கள் வரை உச்சுக் கொட்டினார்கள், எவ்வளவு பெரிய மனசு என்று.

பாருங்கள், இதையும் அவனே எடுத்துக்கொண்டான். அவன் வாய் தவறியதாம், பலகை தானாக இறங்கியதாம். என்ன கொழுப்பு!

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அவன் மேல் எனக்கு என்ன பொறாமை? எழுத வேண்டியது இதுதான்: பலகையை இறக்கியது நான், தெரிந்தே இறக்கினேன், முந்தவும் இல்லை பிந்தவும் இல்லை. பதினோரு வருடத்தில் வேண்டிய நேரத்தில் என் குறி தப்பாதது அது ஒன்றுதான் ஐயா, அதையும் அவன் பேரில் எழுதிவிடாதீர்கள்.