என் மகளின் ஆல்பத்தை நான் கேட்ட விதம்

ஜஸ்வின் தம்பி, சப்பாத்தை வெளியே கழற்றி வைத்தது நல்லது. இந்தக் கார்ப்பெட்டைப் போன கிழமைதான் ஆள் வைத்துக் கழுவினோம். இருங்கள், தேத்தண்ணி ஆறமுதல் குடியுங்கள். மகள் கிருசாந்தி வேலை முடிந்து இந்தத் தகனினிப் பக்கம் வந்து சேர இன்னும் நேரமிருக்கிறது. மோட்டர்வே இப்போது அசையாது. நீங்கள் அவளுடைய மேனேஜர், கேட்க வேண்டியதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நானும் மறைக்கிற ஆள் இல்லை.

முதலில் ஒன்று. மகளின் பாட்டு எனக்குப் பிடிக்கும். அவளுடைய 'ஸ்லோ லேன்' ஆல்பம் வெளிவந்த கிழமை, கோயில் சாப்பாட்டு வரிசையில் ஆனந்தவல்லி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ரதி, பிள்ளை ஏன் இப்பிடி அழுதழுது பாடுது? வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

"அது சோல் மியூசிக் அக்கா. அப்பிடித்தான் பாடவேணும்" என்று விளக்கம் சொன்னது நான்தான்.

என் கணவர் இராசரத்தினம் முழு ஆல்பத்தையும் கேட்டுவிட்டு, "எல்லாம் ஒரே பாட்டு மாதிரிக் கிடக்கு" என்றார். விமர்சகர்கள் அப்படி நினைக்கவில்லை. ஒருவர், இந்தக் குரலைக் கேட்டு மோட்டர்வேயிலேயே காரை ஓரமாக நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தார். அங்கே அப்படி நிறுத்தக் கூடாது. ஆனாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

லண்டன் இசைக் கம்பனியோடு கதைத்துவிட்டு நீங்கள் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? இதே மேசையில்தான் இருந்தீர்கள். "ஆன்ட்டி, கேக்குறவங்க நம்பர் இப்படியே ஏறுச்சுனா அவங்க சைன் பண்ணிடுவாங்க. மூணு நாலு வருஷம் அங்கதான் இருக்கணும்" என்றீர்கள். கிருசாந்தி உங்களைக் கட்டிப்பிடித்தாள், பிறகு என்னை. நீங்கள் எடுத்த படத்தில் பாருங்கள், எல்லாரிலும் கூடச் சிரித்திருப்பது நான்தான்.

நான் எப்படி உதவலாம் என்று கேட்டேன். "சும்மா கேளுங்க ஆன்ட்டி, போதும். ஆனா ஃபோன்ல விடாம ஓட விட்டுறாதீங்க. கள்ளத்தனமா நம்பர் ஏத்துறோம்னு நெனச்சு பாட்டு ஆப்காரங்க ஆல்பத்தையே தூக்கிடுவாங்க" என்றீர்கள். மிகவும் தெளிவாகச் சொன்னீர்கள். அதற்கு முன் எனக்கு அந்த விசயம் தெரியாது.

அடுத்த நாள் வெஸ்ட்கேட் வரைக்கும் போய்ப் பழைய ஃபோன்கள் கொஞ்சம் வாங்கினேன். பக்கத்தில் வாங்கினால் தெரிந்த சனம் எதற்கு என்று கேட்கும். குளித்துத் துடைக்கிற துவாய்களை வைக்கிற அலுமாரிக்குள் அடுக்கி, சார்ஜில் போட்டு, எல்லாவற்றிலும் மகளின் ஆல்பத்தை ஓட விட்டேன். சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டேன். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

இராசரத்தினம் துவாய் எடுக்கப் போய்த் திகைத்து நின்றார்.

"என்னப்பா இது, அலுமாரிக்குள்ள?"

"பிள்ளையின்ர பாட்டு ஓடுது."

"சத்தத்தைக் காணேல்லை?"

"எனக்குத்தான் எல்லாம் பாடமெல்லோ."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. துவாய் இளஞ்சூடாக இருந்தது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும்.

ஆனால் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, தம்பி. எண்ணிக்கை ஏறியது. அது ஏறியதைப் பார்த்து வானொலிக்காரர் பாட்டுகளைக் கூடுதலாகப் போட்டார்கள். அதைக் கேட்டு உண்மையான சனமும் தேடித் தேடிக் கேட்கத் தொடங்கிவிட்டது. லண்டனிலிருந்து விமான டிக்கெட் வந்தது. கிருசாந்தி அறையில் சூட்கேஸை விரித்து வைத்தாள். உள்ளே என்னுடைய பழைய ஸ்வெட்டர் ஒன்று மடித்துக் கிடந்தது. "இட் ஸ்மெல்ஸ் லைக் யூ, அம்மா" என்றாள்.

லண்டன் குளிர். அங்கே அவளுக்கு ஒருவரும் இல்லை. அவள் என் ஒரே பிள்ளை. பிள்ளைக்கு எது நல்லது என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

இந்த நாட்டில் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆள் குறைவு. அதனால் அந்தப் பாட்டு ஆப் கம்பனிக்கு நானே எழுத வேண்டி வந்தது. இந்த ஆல்பத்தை யாரோ ஃபோன்களில் இடைவிடாமல் ஓட விடுகிறார்கள், இது மற்றப் பாடகர்களுக்குச் செய்கிற அநியாயம் என்று மரியாதையாக எழுதினேன். எந்தப் பகுதியிலிருந்து ஓடுகிறது என்பதையும் குறிப்பிட்டேன். பாவம், அவர்கள் தேடி மினக்கெடக் கூடாது.

அவ்வளவுதான். ஆல்பத்தைத் தூக்கிவிட்டார்கள். காரை ஓரமாக நிறுத்தியவரே, இது கள்ள எண்ணிக்கையில் வந்த புகழ் என்று எழுதினார். லண்டன்காரர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கிருசாந்தி குசினித் தரையில் இருந்து அழுதாள்.

"ஹூ ஹேட்ஸ் மீ திஸ் மச், அம்மா?"

"உன்னை ஒருத்தரும் வெறுக்கேல்லை, குஞ்சு" என்று தலையைத் தடவினேன். அது உண்மை. புட்டும் முட்டைப்பொரியலும் கொடுத்தேன், திரும்பப் போட்டுச் சாப்பிட்டாள். லண்டனில் யார் போட்டுக் கொடுப்பார்கள்? இப்போது குளிக்கும்போது மட்டும் பாடுகிறாள். ஆல்பத்தில் பாடியதைவிட நன்றாக இருக்கிறது. நான் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன்.

எழுதியது என்னுடைய மின்னஞ்சல் முகவரியிலிருந்துதான் என்று ஆப் கம்பனிக்காரர் உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அதைக் கிருசாந்தியிடம் சொல்லத்தான் வந்திருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அந்த முகவரியை எனக்குத் திறந்து தந்தது நீங்கள். பாஸ்வேர்டு போட்டதும் நீங்கள். அம்மாவுக்கு மின்னஞ்சல் எழுதவே தெரியாது என்றுதான் அவள் இன்றைக்கும் நம்புகிறாள்.

போன ஞாயிறு அவளாகவே கேட்டாள். "ஜஸ்வின் வுட் நெவர் டூ திஸ், ரைட்?"

நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை, தம்பி. அவளுடைய தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்துவிட்டு, "நல்ல பிள்ளை மாதிரித்தான் தெரிஞ்சான்" என்றேன். அவ்வளவுதான். பழகுகிற இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து கோள் சொல்கிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.