நாலு மணிக்குள் ஒரு கார்டு

— மெதுவாத் தம்பி, மெதுவா. மேஜை மேல வேண்டாம், தூசி இருக்கு. சோபாவுல வைங்க. நான் செருப்பைக் கழட்டிட்டு வரேன்.

— இது கம்ப்யூட்டர்ல மாட்டற கிராபிக்ஸ் கார்டு மாமா. செருப்போட வந்தாலும் கோவிச்சுக்காது.

— மச்சினி, உனக்கு எதுலயும் ஒரு பயபக்தி கிடையாது. தம்பி, இன்னொரு தடவை சொல்லுங்க, இந்தப் பெட்டிக்குள்ள எவ்வளவு?

— நாப்பத்தெட்டு ஜிபி மெமரி சார். நாலு வருஷமா கம்ப்யூட்டர் கடையில நிக்கிறேன், இதைக் கையில தூக்கினது இன்னைக்குத்தான். கார்ல முன் சீட்டுல உக்கார வச்சு, பெல்ட் போட்டுக் கொண்டாந்தேன்.

— கேட்டியா? பெல்ட் போட்டு.

— கேட்டேன். அந்தச் சின்னப் பெட்டியில இருக்கறது?

— அது பதினாறு மேடம். உண்மையைச் சொன்னா, எடிட்டிங்குக்கு அதுவே...

— தம்பி, நாக்கைக் கடிச்சுக்குங்க. நாலு மணிக்கு சிமென்ட் கம்பெனி சேர்மன் நம்ம ஸ்டூடியோவுக்கு வர்றாரு. அவங்க அம்பது வருஷக் கதையை நாப்பது நிமிஷப் படமா எடுத்து வச்சிருக்கோம். அவர் முன்னாடி போய்ப் பதினாறுன்னு சொன்னா நம்ம ரேஞ்சு என்னாகறது?

— அவர் படம் பாக்க வர்றாரு மாமா. ஜிபி எண்ண வரலை.

— அந்தப் படம்தானே திங்கக்கிழமை என் கண்ணு முன்னாடி விக்கி விக்கி ஓடுச்சு? பாதியில எந்திரிச்சுப் போனேனே, ஞாபகம் இருக்கா?

— அது கேமரால வந்த ஒரிஜினல் ஃபைல். அதான் மூணு நாளா ஒவ்வொரு ஷாட்டுக்கும் கால் சைஸ்ல ஒரு நகல் போட்டு வச்சிருக்கேன். வெட்டறது, போட்டுக் காட்டறது எல்லாம் நகல்ல. கடைசியா முழுப் படத்தை ரெண்டர் பண்ணி எடுக்கறப்போ மட்டும் ஒரிஜினல் போதும். எல்லா இடத்துலயும் இப்படித்தான் பண்றாங்க.

— நகலெல்லாம் வசதி இல்லாதவன் பண்ற வேலை. நம்ம ரேஞ்சு அது இல்ல. இந்தக் கார்டு உள்ள போயிட்டா எடிட்டரே தேவையில்லம்மா, பட்டனை நானே தட்டிக்குவேன். நாளையிலேர்ந்து நீ கீழ கவுன்டர்ல உக்காந்து பாஸ்போர்ட் போட்டோ வெட்டு. உங்க அக்காகிட்டயும் சொல்லிட்டேன்.

— அக்கா என்ன சொன்னா?

— கரண்டியைக் கீழ வச்சா. இனிமே உங்க கார்டே சமைக்கட்டும்னா.

— சார், நடுவுல பேசறேன்னு நினைக்காதீங்க. பெரிய கார்டுக்கு எழுநூத்தம்பது வாட்டாவது பவர் சப்ளை வேணும். உங்க கம்ப்யூட்டர்ல...

— நானூத்தம்பது.

— பாத்தீங்களா தம்பி, மாட்டறதுக்கு முன்னாடியே கண்ணு வைக்கறா. நீங்க மாட்டுங்க, ஓடும். இருங்க, போன். சேர்மன் ஆபீஸ். வணக்கம் சார். ஆமா சார், ரெடி சார். நாப்பத்தெட்டு ஜிபி. பெல்ட் போட்டு வந்திருக்கு சார். எடிட்டரா? எங்ககிட்ட எடிட்டர்னு தனியா யாரும் இல்ல சார், எல்லாமே மிஷின்தான். இங்க சிக்னல் சரியில்ல, வெளிய போய்ப் பேசறேன் சார்.

— மேடம், மாட்டட்டுமா?

— முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க. சொல்றேன்.

...

— அப்பப்பா, அரை மணி நேரம். போனை வைக்கவே விடலை மனுஷன். என்ன, ஆச்சா?

— உக்காருங்க மாமா. போடறேன்.

— அந்தப் பெரிய பெட்டி இங்கயே கிடக்கட்டும், கை வச்சுக்க வாகா இருக்கு. அடேங்கப்பா, காலிப் பெட்டியே என்ன கனம் பாரு.

— சார், அந்தப் பெட்டி...

— ஷ். ஓடுது.

— லைட்டை அணைக்கட்டுமா மாமா?

— அணை. விக்கலையே?

— விக்காது.

— தண்ணி மாதிரிப் போகுது. இந்தத் தொழிலாளி கண்ணிமையில சிமென்ட் தூசி உக்காந்திருக்கே, ஒவ்வொரு துகளும் தனித்தனியாத் தெரியுது. உன் கால் சைஸ் நகல்ல இது தெரியுமா? நீயே சொல்லு.

— நீங்கதான் மாமா சொல்லணும். உங்களுக்குத் தெரியுதில்ல?

— பளிச்சுன்னு தெரியுது. இரு, இரு. இந்த இடத்துல ஃபேக்டரி மிஷின் சத்தம் மொத்தமும் நின்னு, இந்த ஆளு மூச்சு மட்டும் கேக்குதே. திங்கக்கிழமை இது இல்லையே.

— இல்ல.

— அப்புறம் இந்தப் பாலம். ஒரு கிழவி இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி போய்ச் சேர்ற வரைக்கும் வெட்டவே இல்ல. எனக்கு வெட்டாத வெட்டாதன்னு நெஞ்சு அடிச்சுக்குது, கார்டும் வெட்டலை. முதல்ல ஒரு சிமென்ட் மூட்டை, அப்புறம் ஒரு மூச்சு, அதுலேர்ந்து இவ்வளவு பெரிய பாலம்.

— தண்ணி வேணுமா மாமா?

— வேண்டாம். முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எங்க நிறுத்தணும், எங்க பொறுத்துக்கணும்னு ஒரு கார்டுக்கு எப்படித் தம்பி தெரியும்?

— எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு சார். ஆனா கார்டுக்கு அதெல்லாம் தெரியாது சார்.

— அடக்கம். பெரிய பொருள் விக்கறவன்கிட்ட அந்த அடக்கம் இருக்கும். பில்லைப் போடுங்க. அந்தச் சின்னதைக் கண்ணுல காட்டாம எடுத்துட்டுப் போயிடுங்க.

— எடுத்துக்கறேன் சார். நீங்க கொஞ்சம் முழங்கையை எடுத்தீங்கன்னா பெரிசையும் எடுத்துக்குவேன். பவர் பத்தலைன்னு மேடம் சீலே உடைக்க விடலை.

— அப்போ இவ்வளவு நேரம் ஓடினது?

— பழைய கார்டுதான் மாமா, கால் சைஸ் நகல்தான். நாலு மணிக்கு சேர்மன் வந்து, அந்த மூச்சை அந்த இடத்துல வச்சது யாருன்னு கேட்டா, என் மச்சினி, கீழ கவுன்டர்ல பாஸ்போர்ட் போட்டோ வெட்டிட்டு இருக்கான்னு சொல்லுங்க.